பதில் கேட்பது மனு அல்ல

கைப்பிரதியை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் இளைஞர்களை நம் மாவட்டத்தில் ஊருக்கு ஊர் பார்க்கிறோம். ஒருவர் கவிதைத் தொகுப்பு அனுப்பியிருப்பார். இன்னொருவர் தன் பாட்டி நடவு வயலில் பாடிய பாடல்களைத் தொகுத்து அனுப்பியிருப்பார். ஆறு மாதம் ஆகியிருக்கும், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகியிருக்கும். "பதிப்பகத்தில் கேட்டீர்களா?" என்று விசாரித்தால், "எப்படிங்க கேட்பது? தொந்தரவு என்று நினைத்துவிட்டால்?" என்பார்கள்.

இந்தத் தயக்கத்தை வெறும் கூச்சம் என்று தள்ளிவிட முடியாது. பகல் முழுக்க உழைத்துவிட்டு, அந்தக் கூலிக்காகவே பண்ணையார் வீட்டு வாசலில் இருட்டும் வரை நின்றவர்கள் நம் தாத்தாக்கள். உரிமையைக்கூட இரந்து கேட்கும் பழக்கத்தை இந்தச் சமூகம் நம் உடம்பில் ஏற்றி வைத்திருக்கிறது. அதனால்தான் பதிப்பாளருக்கு எழுதும் கடிதத்திலும் "சமூகம் அய்யா அவர்களுக்கு, தாழ்மையுடன் வேண்டிக்கொள்வது" என்று பேனா தானாக ஓடுகிறது. பட்டாவுக்கு மனுப் போட்டுப் பழகிய கை அது.

லண்டனிலும் நியூயார்க்கிலும் எழுத்தாளருக்காகப் பதிப்பகத்திடம் பேச இலக்கிய முகவர்கள் இருக்கிறார்கள். இந்தியாவில் அப்படி இயங்கும் சிலரும் பெரும்பாலும் ஆங்கில நூல்களுக்கானவர்கள். தமிழில் எழுதுகிறவர் தனக்குத் தானே முகவர். சென்னையில் நாலு இலக்கிய நண்பர்கள் உள்ளவருக்கு விசாரிப்பது ஒரு டீ நேர வேலை. குடும்பத்தில் முதன்முதலாகப் பேனா பிடித்தவருக்கு அந்த டீக்கடை கிடையாது. ஆகவே முறையை நாம் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அனுப்பும் முன்பே தொடங்குகிறது

ஒரே பிரதியை ஒருபோதும் கொடுத்துவிடாதீர்கள். கையெழுத்துப் பிரதியானால் நகல் எடுத்து வையுங்கள். பக்கம் பக்கமாக மொபைலில் படம் எடுத்தாலும் போதும். தபாலில் அனுப்பினால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். மின்னஞ்சல் என்றால் தேதியே சாட்சி. நூலின் பெயர், பக்க எண்ணிக்கை, அனுப்பிய நாள் மூன்றையும் ஒரு நோட்டில் குறியுங்கள். நேரில் கொடுத்தவர்கள், "இன்று கொடுத்தேன்" என்று அன்று மாலையே ஒரு குறுஞ்செய்தி அனுப்பிவிடலாம்.

எப்போது கேட்பது?

சென்னைப் புத்தகக் காட்சி ஜனவரியை ஒட்டி நடக்கிறது. நவம்பர் முதல் பதிப்பாளர்கள் அச்சகத்துக்கும் அலுவலகத்துக்குமாக அலைவார்கள். அப்போது புதிய பிரதியைப் படிக்க யாருக்கும் நேரமிருக்காது. பிப்ரவரி, மார்ச்சில் அனுப்பி, ஜூனில் விசாரிப்பது இருவருக்கும் நல்லது. பொதுவாக ஒரு நூலுக்கு மூன்று மாதம் பொறுக்கலாம். சிற்றிதழுக்கு அனுப்பிய கதைக்கும் கவிதைக்கும் அதே அளவு போதும். அதற்கு மேல் கேட்பதில் எந்த அநாகரிகமும் இல்லை.

எப்படிக் கேட்பது?

முதலில் எழுத்தில் கேளுங்கள். இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் குரல் செய்தி வேண்டாம். வேறொருவரின் நூல் வெளியீட்டு மேடைக்குப் பக்கத்தில் பதிப்பாளரை மடக்கவும் வேண்டாம். அவருக்குத் தெரிந்த கட்சிக்காரரை விட்டுச் சிபாரிசு சொல்லவைத்தால், புத்தகம் வந்தபிறகும் அது இரக்கத்தில் வந்த புத்தகம் என்றே பேசப்படும். மூன்றாம் வாரமே முகநூலில் "சாதி பார்க்கிறார்கள்" என்று எழுதுவதும் உதவாது. நிஜமாகவே சாதி பார்க்கும் இடத்தில் அந்தச் சொல் தேவைப்படும். அதை அங்கே பயன்படுத்தச் சேமித்து வைப்போம்.

கடிதம் நாலு வரி போதும்:

"வணக்கம். மார்ச் 3 அன்று, 140 பக்கங்கள் கொண்ட என் சிறுகதைத் தொகுப்பைத் தங்கள் பரிசீலனைக்கு அனுப்பியிருந்தேன். மூன்று மாதங்கள் ஆகின்றன. தங்கள் முடிவையோ, முடிவு தெரியும் காலத்தையோ தெரிவித்தால் உதவியாக இருக்கும். நன்றி."

இதில் "தாழ்மை" இல்லை. மரியாதை இருக்கிறது. அய்யா என்பதா, தோழர் என்பதா என்பது உங்கள் பழக்கம். குனிந்தால்தான் மரியாதை என்று நினைக்க வேண்டாம்.

பதில் இல்லையென்றால் ஒரு மாதம் கழித்து ஒருமுறை தொலைபேசியில், பகல் நேரத்தில் பேசுங்கள். அதற்கும் பிடி கொடுக்காவிட்டால், "பிரதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், வேறு இடத்துக்கு அனுப்புகிறேன்" என்று எழுதித் தெரிவித்துவிட்டு நகருங்கள். சொல்லாமல் இரண்டு இடத்துக்கு ஒரே நேரத்தில் அனுப்பினால், நாளை இரண்டு பேரும் அச்சுக்குக் கொடுத்துவிட்டு நம்மைக் குற்றம் சொல்வார்கள்.

பதில் வந்தால்

மறுப்பு வந்தால் காரணம் ஒருமுறை கேட்கலாம், வாதாட வேண்டாம். "மொழி கொச்சையாக இருக்கிறது" என்பது நம்மவர்கள் அடிக்கடி கேட்கும் பதில். எழுத்துப் பிழை என்றால் திருத்துவோம். சேரியின் பேச்சே பிழை என்றால், அதைத் திருத்த வேண்டியவர்கள் நாம் அல்ல. பாமாவின் 'கருக்கு' 1992-ல் அந்தப் பேச்சு மொழியிலேயே வந்தது. பின்னர் லட்சுமி ஹோம்ஸ்ட்ராமின் ஆங்கில மொழிபெயர்ப்பில் கிராஸ்வேர்ட் விருதும் பெற்றது.

ஏற்றுக்கொண்டால் அடுத்த கேள்விகளையும் கேட்டுவிடுங்கள்: எந்த மாதம் வரும், எத்தனை படிகள், ராயல்டி எவ்வளவு? "பணம் கொடுத்தால் போடுகிறோம்" என்றால், ரசீதும் எழுத்து ஒப்பந்தமும் இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அம்மாவின் நகையை அடகு வைத்து அச்சான புத்தகங்கள் கட்டுப் பிரிக்காமல் பரண்மேல் கிடப்பதைப் பார்த்திருக்கிறோம்.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. 1957-ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியவரே முதல் உரிமையாளர். பதிவு செய்யாவிட்டாலும் அந்த உரிமை உண்டு. எழுத்தில், கையெழுத்துடன்தான் அதை மாற்றிக் கொடுக்க முடியும். ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றே கொள்ளப்படும். உரிமையை வாங்கியவர் ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லியிருந்தாலொழிய, அது காலாவதியாகிவிடும். கையெழுத்துப் போடும் முன் இந்த வரிகளைத் தேடிப் படியுங்கள்.

வேறு கதவுகளும் உண்டு. ஆதிதிராவிடர், பழங்குடியின எழுத்தாளர்களின் நூல்களை வெளியிட அரசு நிதியுதவித் திட்டம் வைத்திருக்கிறது. மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் அதற்கான அறிவிப்பை விசாரியுங்கள். அங்கேயும் விண்ணப்பம் கொடுத்ததற்கு ஒப்புகை வாங்க மறக்காதீர்கள்.

ரெட்டைமலை சீனிவாசன் 1893-ல் 'பறையன்' இதழையும், அயோத்திதாசப் பண்டிதர் 1907-ல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழையும் தொடங்கினார்கள். பிறர் இடம் தரட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. ஆனாலும் 1914-ல் மறைந்த பண்டிதரின் எழுத்துகள் ஞான. அலாய்சியஸ் தொகுத்து நூல்களாக வர 1999 ஆகிவிட்டது. எழுதிவிட்டால் மட்டும் போதாது, எழுதியது எங்கே இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டே இருக்கவும் ஆள் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

உங்கள் கைப்பிரதி எந்த மேசையில் இருக்கிறது? இந்த வாரம் அந்த நாலு வரியை எழுதி அனுப்புங்கள்.