சல்லடையில் பறக்கும் விஷம்

சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூடுகளைத் துலக்கி மறுபடி பயன்படுத்துவது அமெரிக்காவில் வீட்டுப் பொழுதுபோக்கு. அதில் வெடிமருந்தைக் கண்டு அஞ்சுபவர்கள் தூசியை மறந்துவிடுகிறார்கள்.

அமெரிக்கப் புறநகர் ஒன்றில் சனிக்கிழமை மாலைகளில் சாதாரணமாகக் காணக்கூடிய காட்சி இது. கார் ஷெட்டின் மூலையில் பக்கெட் அளவுள்ள ஓர் இயந்திரம் இரண்டு மணி நேரமாகக் கடகடவென்று அதிர்ந்துகொண்டிருக்கிறது. அதன் பெயர் டம்ளர். நம் காப்பி டம்ளருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உள்ளே சில நூறு பித்தளைக் கூடுகளும் பொடித்த வால்நட் ஓடும். வீட்டுக்காரர் சுவிட்சை அணைத்து, மூடியைத் திறந்து, எல்லாவற்றையும் சல்லடையில் கொட்டிக் குலுக்குகிறார். கூடுகள் தங்கமாய் மின்னுகின்றன. கூடவே மெல்லிய சாம்பல் நிறத் தூசி எழுகிறது. பக்கத்தில் வேடிக்கை பார்க்கும் குழந்தையும் அதைச் சுவாசிக்கிறது.

அந்தத் தூசியில் இருப்பது காரீயம்.

தோட்டா என்பது நான்கு பொருள்களின் சேர்க்கை: முன்னே குண்டு, உள்ளே வெடிமருந்து, அடியில் நெருப்பு மூட்டும் சின்னஞ்சிறு பிரைமர், இவற்றைத் தாங்கும் பித்தளைக் கூடு. சுட்டவுடன் முதல் மூன்றின் வேலை முடிந்துவிடும். எழுபது பங்கு செம்பும் முப்பது பங்கு துத்தநாகமும் சேர்ந்த கூடு மட்டும் மிஞ்சும். தோட்டாவிலேயே விலை அதிகமான பகுதி பெரும்பாலும் இதுதான். சுத்தம் செய்து, வடிவம் திருத்தி, மற்ற மூன்றையும் புதிதாக வைத்தால் பல முறை பயன்படும். பணம் மிச்சம், தன் துப்பாக்கிக்கு ஏற்றபடி தோட்டா செய்துகொள்ளும் திருப்தியும் உண்டு. 2020இல் அமெரிக்கக் கடைகளில் தோட்டாவுக்குத் தட்டுப்பாடு வந்தபோது இந்தச் சிக்கனத்தின் அருமை பலருக்கும் புரிந்தது. (இந்தியாவில் நினைத்தவர் நினைத்தபடி இதைச் செய்ய முடியாது. தோட்டா தயாரிக்க 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும்.)

துலக்கும் முறை எளிது. பொடித்த வால்நட் ஓடு, அல்லது முத்துகளை உதிர்த்தபின் மிஞ்சும் மக்காச்சோளச் சக்கையின் குருணை. இவை கூடுகளோடு உரசி உரசிக் கரியை எடுத்துவிடும். சிக்கல் அதற்குப் பிறகுதான். துகளிலிருந்து கூட்டைப் பிரிக்க வேண்டும்.

ஆரம்பத்தில் பலரும் சமையலறையில் பாஸ்தா வடிக்கும் ஓட்டைப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். பிறகு லாட்டரிக் குலுக்கல் கூண்டு போன்ற, கைப்பிடி வைத்த வலைக்கூண்டு வாங்குவார்கள். சுற்றச் சுற்றத் துகள் கீழே கொட்டும், கூடுகள் உள்ளே தங்கும். ஆனால் எல்லாத் துகளும் அப்படிக் கொட்டிவிடுவதில்லை. பிரைமரை முன்பே கழற்றியிருந்தால், கூட்டின் அடியில் நெருப்புப் பாயும் சிறு துளையில் ஒரு குருணை கச்சிதமாகப் போய் அடைத்துக்கொள்ளும். பல அளவுக் கூடுகளைக் கலந்து போட்டால் 9 மில்லிமீட்டர் கூடு .45 கூட்டுக்குள் புகுந்து, நடுவில் துகளைச் சிறைப்பிடிக்கும். அதனால் ஒவ்வொரு கூட்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள். இந்தப் பொறுமையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கண்ணுக்குத் தெரியும் குருணையைத் தேடும் அதே கவனம், கண்ணுக்குத் தெரியாத தூசியின் மேல் போவதில்லை என்பதுதான் குறை.

தூசிக்குள் காரீயம் எப்படி வந்தது? பெரும்பாலான பிரைமர்களில் லெட் ஸ்டைஃப்னேட் என்ற காரீயச் சேர்மம் இருக்கிறது. சுடும்போது அது வெடித்து, கூட்டின் உட்புறம் கரியாகப் படிகிறது. டம்ளர் அந்தக் கரியைச் சுரண்டித் துகளில் சேர்க்கிறது. சல்லடை அதைக் காற்றில் விடுகிறது. முறத்தில் புடைக்கும்போது உமி எந்தப் பக்கம் பறக்கும் என்று நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். அதற்குத் தக்கபடி நிற்பார்கள். இந்த உமி கண்ணுக்குத் தெரியாதே!

தமிழில் 'ஈயம்' என்ற ஒரே சொல் நம்மைக் குழப்பக்கூடும். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயம். இங்கே பேசுவது காரீயம். அதற்கு உடம்பில் எந்த நல்ல வேலையும் கிடையாது. ரத்தத்தில் சில வாரங்கள் சுற்றிவிட்டு எலும்பில் போய்ப் பல ஆண்டுகள் தங்கிவிடும். உட்கொண்ட காரீயத்தைப் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகமாகக் குழந்தைகளின் உடல் ஈர்த்துக்கொள்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாதிக்கப்படுவது வளரும் மூளை. பாதுகாப்பான அளவு என்று ஒன்றும் அறியப்படவில்லை.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் குழந்தைகளுக்கு வைத்திருக்கும் எச்சரிக்கை அளவே இதற்குச் சாட்சி. 1991இல் 100 மில்லி ரத்தத்துக்கு 10 மைக்ரோகிராம். 2012இல் அது 5 ஆனது, 2021இல் 3.5. சுடுதளங்களில் காரீயப் பாதிப்பு பற்றிய 36 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு கட்டுரை 2017இல் வெளியானது. அவற்றில் 31 ஆய்வுகளில், சுடுபவர்கள் சிலரின் ரத்தத்தில் 10 மைக்ரோகிராமுக்கு மேல் காரீயம் இருந்தது.

தூசியே வேண்டாம் என்பவர்கள் தண்ணீருக்கு மாறிவிட்டார்கள். புளி போட்டுப் பித்தளைக் குத்துவிளக்குத் துலக்குகிறோமே, ஏறக்குறைய அதே கதை. புளிக்குப் பதில் சிட்ரிக் அமிலம், சாம்பலுக்குப் பதில் பாத்திரம் கழுவும் சோப்பு, தேங்காய் நாருக்குப் பதில் ஆறேழு மில்லிமீட்டர் நீளமுள்ள துருப்பிடிக்காத எஃகு ஊசிகள். தூசி இல்லை, கூடு உள்ளும் புறமும் பளபளக்கும். ஆனால் இங்கும் பிரிக்கும் வேலை உண்டு. ஊசிகளைக் காந்தம் வைத்துப் பொறுக்க வேண்டும். ஓர் ஊசி கூட்டுக்குள் தங்கிவிட்டால் அடுத்த தடவை சுடும்போது குழலுக்குள் போகும். கழுவிய கறுப்புத் தண்ணீரிலும் காரீயம் உண்டு. அதைத் தோட்டத்தில் ஊற்றினால் விஷம் இடம் மாறுகிறது, அவ்வளவுதான்.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. டம்ளரை வீட்டுக்கு வெளியே வைப்பது. நின்றதும் திறக்காமல் தூசி அடங்கக் காத்திருப்பது. துகளோடு ஈரக் காகிதத் துண்டுகளைப் போட்டுத் தூசியை ஒட்டவைப்பது. தகுந்த முகமூடியும் கையுறையும் அணிவது. வேலை முடியும்வரை காப்பியோ சிகரெட்டோ கூடாது. முடிந்ததும் கை, முகம் கழுவி, உடை மாற்றிய பிறகே குழந்தையைத் தூக்க வேண்டும். பழைய துகளைக் காரீயக் கழிவாகவே கருத வேண்டும். சமையலறையிலிருந்து வந்த அந்த ஓட்டைப் பாத்திரம் மறுபடி சமையலறைக்குப் போகவே கூடாது.

யாரோ அமெரிக்கர்களின் பொழுதுபோக்கு என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இந்தியா 2000இல் காரீயப் பெட்ரோலுக்கு விடை கொடுத்தது. ஆனாலும் 2020இல் யுனிசெஃப் வெளியிட்ட அறிக்கை, ரத்தத்தில் 5 மைக்ரோகிராமுக்கு மேல் காரீயம் உள்ள குழந்தைகள் உலகில் சுமார் 80 கோடி என்றும், அவர்களில் ஏறத்தாழ 27.5 கோடிப் பேர் இந்தியாவில் என்றும் மதிப்பிட்டது. இங்கே காரணம் தோட்டா அல்ல. பழைய பேட்டரியை உடைத்து உருக்கும் பட்டறைகள் முக்கியமான காரணங்களில் ஒன்று. அங்கே வேலை பார்த்துவிட்டு அதே சட்டையோடு வீடு திரும்பும் அப்பாவை நோக்கியும் ஒரு குழந்தை ஓடி வருகிறது. அந்தச் சட்டையை வாசலிலேயே கழற்றச் சொல்ல யாராவது இருக்க வேண்டும்.