இயந்திரத்தின் குற்றத்திற்கு யார் பொறுப்பு?

சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர் கட்டிய கோட்டை சிதைந்து கிடக்கிறது. அதனை அடுத்த கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் எழுந்து நிற்கிறது. ஆற்றல் மிக்க இயந்திரம் ஒன்று ஊருக்குள் வருமுன் சட்டம் வரவேண்டுமா, வந்தபின் வந்தால் போதுமா என்னும் வினா இப்பகுதி மக்களுக்குப் புதியதன்று. அணுசக்திச் சட்டம் 1962-இலேயே இயற்றப்பட்டுவிட்டது. அன்றைய பிரதமர் இந்திரா காந்தி அம்மையார் நிலையத்தை நாட்டிற்கு அர்ப்பணித்தது 1983 சூலையில். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் அமைந்ததோ அவ்வாண்டு நவம்பர் 15-ஆம் நாள். சட்டம் இருபதாண்டு முந்தியது. தனிக் காவலர் சில திங்கள் பிந்தினார்.

இன்று செயற்கை நுண்ணறிவு என்னும் மற்றோர் இயந்திரம் நம் இல்லங்களுக்குள்ளேயே வந்துவிட்டது. ஒருவருடைய குரலின் சிறு பதிவு கிடைத்தால் போதும். அவர் பேசாததையெல்லாம் அவர் பேசியது போலவே அது பேசிக் காட்டும். 2024-இல் வெளிவந்த 'லால் சலாம்' திரைப்படத்தில், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களை ஏ. ஆர். ரகுமான் இம்முறையில் பாடவைத்தார். குடும்பத்தாரின் இசைவு பெற்று, ஊதியமும் அளித்ததாக அவர் அறிவித்தார். அது பண்பாளர் செயல். ஆனால் பண்பில்லாதவன் கையில் இதே கருவி கிடைத்தால்? கடல்மேல் சென்ற மகனின் குரலில், "அம்மா, உடனே பணம் அனுப்புங்கள்" என்று ஓர் அழைப்பு வந்தால், எந்தத் தாய் ஐயுறுவாள்?

இத்தகைய தாய்க்கு நம் நாட்டுச் சட்டம் என்ன தருகிறது? செயற்கை நுண்ணறிவுக்கெனத் தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. இப்போதைக்குத் தேவையில்லை என்பதே 2025 நவம்பரில் நடுவண் அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின் நிலை. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 66-டி பிரிவில், கணினி வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுபவனுக்கு மூன்றாண்டு வரை சிறையும், ஓர் இலட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. அச்சட்டத்தின்கீழ் 2026 பிப்ரவரியில் விதிகள் திருத்தப்பட்டன. இயந்திரம் புனைந்த படத்திற்கும் ஒலிக்கும் அடையாளக் குறி இடவேண்டும். நீதிமன்றமோ அரசோ ஆணையிட்டால், முன்பிருந்த 36 மணி நேரத்திற்குப் பதிலாக மூன்று மணி நேரத்தில் அவற்றை நீக்கவேண்டும். நல்லதே. எனினும் தொலைபேசியில் வரும் வஞ்சகன் குறியிட்டுக் கொண்டா வருவான்?

2024 மார்ச்சு முதல் நாள், சோதனை முற்றுப்பெறாத இயந்திரங்களை மக்களிடம் விட அரசின் அனுமதி வேண்டும் என்று அமைச்சகம் அறிவுறுத்தியது. தொழில்துறையினர் முணுமுணுத்தனர், அதே திங்கள் 15-ஆம் நாள் அந்நிபந்தனை மறைந்தது. இவ்வளவு விரைவாகப் பின்வாங்கியிருக்க வேண்டுமா என்பது நம் ஐயம்.

ஐரோப்பிய ஒன்றியமோ வேறு வழி சென்றது. 2024 ஆகஸ்டு முதல் நாள் நடைமுறைக்கு வந்த அதன் சட்டம், ஆபத்தின் அளவுக்கேற்ப இயந்திரங்களைத் தரம் பிரிக்கிறது. மக்களை மதிப்பெண் இட்டு ஒதுக்குவது போன்றவை 2025 பிப்ரவரி முதல் அங்கே முற்றாகத் தடை செய்யப்பட்டுள்ளன. மிகச் சிறிய நாடாகிய வத்திக்கானும் 2025 சனவரி முதல் நாள் தொட்டுத் தனக்கென நெறிமுறைகள் வகுத்துள்ளது. நம் தமிழ்நாடு இவற்றிற்கெல்லாம் முன்னரே, 2020-இல், பாதுகாப்பும் அறமும் சார்ந்த செயற்கை நுண்ணறிவுக் கொள்கையை வெளியிட்டது என்பதைப் பலர் அறியார். ஆனால் அது அரசுத் துறைகளின் பயன்பாட்டை நெறிப்படுத்தும் கொள்கையேயன்றிச் சட்டமன்று.

பொறுப்பு யாருடையது என்பதே உண்மையான சிக்கல். கல்பாக்கத்தைப் போன்ற நிலையத்தில் விபத்து நேரிட்டால், பாதிக்கப்பட்டவர் நிலையத்தாரின் தவற்றை மெய்ப்பிக்க வேண்டியதில்லை. 2010-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டமும், அதற்குப் பதிலாக 2025 திசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமும் இக்கருத்தையே கொண்டவை. செயற்கை நுண்ணறிவால் ஒருவரது கடன் விண்ணப்பமோ வேலையோ தவறாகத் தள்ளப்பட்டால், அவருக்கு இத்தகைய பற்றுக்கோடு இல்லை. 2023-இன் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தவறிழைக்கும் நிறுவனத்திற்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்கிறது. அத்தொகை போய்ச் சேர்வதோ அரசுக் கருவூலத்திற்கு! இழந்தவருக்கும் அதில் ஒரு பங்கு சேரவேண்டும் என்று கேட்பது முறையன்றோ?

அச்சட்டத்தில் குடும்பங்களுக்கு உதவும் கூறுகளும் உண்டு. பதினெட்டு வயது நிரம்பாதோரின் தகவல்களைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க இசைவு வேண்டும். நிறுவனங்கள் தரும் அறிவிப்பைத் தமிழிலேயே கேட்டுப் பெறலாம். ஆனால் 2025 நவம்பரில் வெளியான விதிகளின்படி, இக்கடமைகள் முழுமையாக நடைமுறைக்கு வருவது 2027 மே திங்களில்தான். அதுவரை பிள்ளைகளின் படங்களையும் குரல்களையும் கண்ட இடத்தில் பதிவிடாதிருப்பது பெற்றோர் கையில் உள்ளது. வஞ்சகரிடம் பணம் இழந்தோர், நாணத்தால் மறைக்காமல், காலம் தாழ்த்தாமல் 1930 என்னும் எண்ணை அழைப்பார்களாக. பணம் கைமாறுமுன் வங்கியில் தடுத்து நிறுத்த முதற்சில மணி நேரமே பெரிதும் துணைபுரிகிறது.