மதிப்பெண் குறைந்தால் பிளஸ் ஒன் இடத்துக்கு விலையா?

பத்தாம் வகுப்பு முடிவு வந்துவிட்டால் நம் வணிகர் வீடுகளில் ஒரு வாரத்துக்குக் கடை வேலை ஓடாது. 500-க்கு 470, 480 எடுத்த பிள்ளைக்குக் கவலையில்லை. தனியார் பள்ளிகளே வீடு தேடி வரும். 320, 350 என்று நிற்கும் பிள்ளையின் தகப்பனார்தான் கல்லாவைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டுப் பள்ளி பள்ளியாக ஏறி இறங்குகிறார். விருத்தாசலம் கடைவீதியில் ஆண்டுதோறும் நாம் காண்பது இது.

பள்ளிக்கூடத்தார் ஏன் தயங்குகிறார்கள்? தேர்வு முடிவுதான் அவர்களுடைய விளம்பரப் பலகை. அரசு 2017-ல் ரேங்க் பட்டியலை நிறுத்திவிட்டது. ஆனாலும் நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்ற தட்டிகள் இறங்கவில்லை. பொறுக்கி எடுத்த சரக்கை வாங்கி விற்பதில் என்ன சாமர்த்தியம் என்று நாம் கேட்கலாம். நடைமுறை அப்படித்தான் இருக்கிறது. ஆகவே சுமாரான மதிப்பெண் என்றால் "முதல் குரூப் இல்லை" என்பார்கள். சில இடங்களில் குரலைத் தாழ்த்தி ஒரு தொகையும் சொல்வார்கள்.

அந்தத் தொகைதான் விஷயம். தனியார் பள்ளிகள் நன்கொடை வசூலிக்கத் தடைச் சட்டம் 1992-லேயே வந்துவிட்டது. 2009 சட்டப்படி, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு ஒவ்வொரு தனியார் பள்ளிக்கும் கட்டணம் நிர்ணயிக்கிறது. மதிப்பெண் குறைந்த பிள்ளைக்குத் தனிக் கட்டணம் என்று அதில் ஏதும் இல்லை. பில் இல்லாமல் ஒரு மூட்டை பருப்பு இறக்க யோசிக்கும் நாம், ரசீது இல்லாமல் ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு வருகிறோம். நிர்ணயித்த கட்டணம் எவ்வளவு என்று முதலில் கேளுங்கள். கட்டியதற்கெல்லாம் ரசீது வாங்குங்கள்.

இன்னொரு நட்டம் பலர் கண்ணில் படுவதில்லை. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்த பிள்ளையை, 'கடைசி இரண்டு வருஷமாவது நல்ல இடம்' என்று தனியாருக்கு மாற்றுகிறோம். மருத்துவப் படிப்பில் 2020-லும், பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளில் 2021-லும் கொண்டுவரப்பட்ட 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்குத்தான். கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டங்கள் மாணவிகளுக்கு 2022-லும் மாணவர்களுக்கு 2024-லும் தொடங்கின. அவற்றுக்கும் இதே போன்ற நிபந்தனை உண்டு. பணத்தையும் கொடுத்து இந்தச் சலுகைகளையும் இழப்பது எந்தக் கணக்கில் சேரும்?

தனியார் பள்ளியே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வேறு ஊர் விடுதிப் பள்ளியானாலும் சரி, பிளஸ் ஒன் பாடத்தை முழுதாக நடத்துகிறார்களா என்று விசாரியுங்கள். அதை ஒதுக்கிவிட்டு இரண்டு வருஷமும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்த பள்ளிகளால்தான் 2017-18-ல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025-26 முதல் அது நீக்கப்பட்டதால் கண்காணிக்கும் பொறுப்பு மறுபடி நம்மிடம் வந்திருக்கிறது.

முதல் குரூப் கிடைக்காததும் குடிமுழுகிப் போன காரியமல்ல. கணக்குப்பதிவியல், வணிகவியல் படித்த பிள்ளை பிளஸ் டூ முடித்து சி.ஏ. அடிப்படைத் தேர்வு எழுதலாம். அங்கே பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை யாரும் பார்ப்பதில்லை. ஜி.எஸ்.டி. கணக்குக்கு ஆடிட்டரிடம் காத்துக்கிடக்கும் நமக்கு அந்தப் படிப்பின் அருமை தெரியாதா? பொறியியல் ஆசை விடாதவர்களுக்குப் பாலிடெக்னிக் இருக்கிறது. டிப்ளமோ முடித்தால் பொறியியலில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். நம் ஊரிலேயே அரசு பீங்கான் தொழில்நுட்பக் கல்லூரி பத்தாம் வகுப்புத் தேர்ச்சியை வைத்துச் சேர்க்கிறது. இங்கே செய்யும் பீங்கான் அகல் விளக்கையும் பொம்மையையும் வாங்கி விற்கும் நம் வீட்டிலிருந்து அங்கே எத்தனை பிள்ளைகள் போகிறார்கள்?

ஒன்றில் மட்டும் அவசரம் கூடாது. எந்தக் குரூப், எவ்வளவு கட்டணம் என்பது எழுத்தில் வரும் முன்பே அசல் மாற்றுச் சான்றிதழைக் கொடுத்துவிடாதீர்கள். அது அங்கே சிக்கிக்கொண்டால், அரசுப் பள்ளியிலும் பாலிடெக்னிக்கிலும் இடம் நிரம்பிய பிறகுதான் கைக்குத் திரும்பும். அதுவரை நகலைக் காட்டினால் போதும்.