மீகாளின் உள்ளம்

விவிலியத்தின் பழைய ஏற்பாட்டில் பெண்கள் பலர் வருகின்றனர். அவருள் தம் உள்ளத்தைத் திறந்து காட்டுவோர் மிகச் சிலர். எபிரேயக் கதையாசிரியர்கள் செயலைச் சொல்வர், உரையாடலைச் சொல்வர், நெஞ்சில் ஓடியது யாது என விரித்துரைப்பது அரிது. ஆதலின் அப்பெண்களின் அகத்தை அறிய விழைவோர் கற்பனையின் துணையை நாடவேண்டியுள்ளது. அக்கற்பனைக்கு எல்லை யாது? சவுல் மன்னனின் இளைய மகள் மீகாளின் வரலாற்றைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

மீகாள் தாவீதைக் காதலித்தாள் என்கிறது முதல் சாமுவேல் நூலின் 18ஆம் அதிகாரம். எபிரேயக் கதைப் பகுதிகளில் ஒரு பெண் ஓர் ஆடவனைக் காதலித்தாள் என வெளிப்படையாகக் கூறும் இடம் இஃதொன்றே என்பர் ஆய்வாளர். தாவீது அவளைக் காதலித்தான் என்ற சொல்லோ எங்கும் இல்லை. சவுலுக்கு அக்காதல் தாவீதைப் பெலிஸ்தர் கையில் வீழ்த்தும் கண்ணியாகவே தோன்றியது.

தந்தையின் ஆட்கள் கணவனைக் கொல்ல வந்த இரவில் மீகாள் அவனைச் சன்னல் வழியே இறக்கித் தப்புவித்தாள். படுக்கையில் ஒரு சிலையைக் கிடத்தி, அவன் நோயுற்றிருப்பதாகக் கூறினாள். பின்னர்ச் சவுல் அவளைப் பல்த்தி என்பானுக்குக் கொடுத்தான். சவுல் இறந்து ஆண்டுகள் சில கழிந்தபின் தாவீது அவளைத் திரும்பக் கேட்டான். பல்த்தி பகூரிம் வரை அழுதுகொண்டே பின்தொடர்ந்தான். அவன் கண்ணீரைப் பதிவு செய்த ஆசிரியர், மீகாள் அழுதாளா, மகிழ்ந்தாளா என்பது பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

இறுதிக் காட்சி இரண்டாம் சாமுவேல் நூலின் 6ஆம் அதிகாரத்தில் உள்ளது. உடன்படிக்கைப் பேழை எருசலேமுக்கு வருகிறது. தாவீது அதன்முன் ஆடுகிறான். மீண்டும் ஒரு சன்னல். மீகாள் அதன் வழியே நோக்கித் தன் உள்ளத்தில் அவனை இகழ்கிறாள். தப்புவித்த இரவில் ‘தாவீதின் மனைவி’ எனப்பட்டவள், இங்கு மும்முறையும் ‘சவுலின் மகள்’ என்றே குறிக்கப்படுகிறாள். இவ்வேறுபாடு நோக்கத்தக்கது.

அவ்விகழ்ச்சிக்குக் காரணம் அரசகுலச் செருக்கு என்று கூறி அமைவோர் பலர். தொல்காப்பியம் பயின்றோர் அவ்வளவில் நில்லார். மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளுக்கும் தனித்தனியே நந்நான்கு நிலைக்களன்களை வகுக்கிறது. வெகுளிக்கு உரியவற்றுள் ஒன்று குடிகோள். சுற்றத்துக்கும் குடிப்பிறப்புக்கும் கேடு சூழ்தலையும் அது தழுவும். மீகாளின் தந்தையும் உடன்பிறந்தாரும் கில்போவா மலைப்போரில் மாண்டனர். எஞ்சிய உடன்பிறந்தான் இஸ்போசேத்தும் கொலையுண்டான். தாவீதுக்கோ எப்ரோனிலேயே வேறு மனைவியர் இருந்தனர். அவள் இகழ்ந்து பேசியபோது, உன் தந்தையை நீக்கிக் கடவுள் என்னைத் தெரிந்துகொண்டார் என்னும் பொருள்பட அவன் விடையிறுத்தான். இத்துணையும் நூலிலேயே உள்ளவை. இவற்றை அடியாகக் கொண்டு, அவள் சினத்தின் அடியில் இழப்பின் துயர் இருந்திருக்கலாம் எனக் கருதுவது தகும். இருந்தது என முடிவு கட்டுவது தகாது.

அவள் இறக்கும்வரை பிள்ளையின்றி இருந்தாள் என்று கதை முடிகிறது. அதனைக் கடவுள் தந்த தண்டனை என்பர் சிலர். தாவீது அவளை விலக்கிவைத்ததன் விளைவு என்பர் வேறு சிலர். நூல் இரண்டையும் கூறவில்லை. தண்டனை என்று உறுதியாகக் கற்பிப்போர், நூலில் இல்லாத தீர்ப்பொன்றை ஒரு பெண்ணின்மேல் ஏற்றுகின்றனர்.

பழங்காலத்தாரும் இவ்விடைவெளிகளை நிரப்பவே முயன்றனர். எபிரேய மூலத்தில் ஓரிடம் மீகாளுக்கு ஐந்து புதல்வர் எனக் கூறுவதாக அமைந்துள்ளது. தமக்கை மேராப் பெற்றவரை மீகாள் வளர்த்தாள் என யூதரின் தல்மூது அதற்கு அமைதி கூறும். நம் காலத்தில் அனிதா டயமண்ட் 1997இல் வெளியிட்ட புதினம் யாக்கோபின் மகள் தீனாளையே கதை சொல்லவைத்தது. ஆதியாகமத்தில் தீனாள் ஒரு சொல்லும் பேசுவதில்லை.

இத்தகைய கற்பனை வேண்டாவென்பதன்று. நூல் சொல்வது இது, நாம் உய்த்துணர்வது இது எனப் பிரித்துக் காட்டும் ஆசிரியரிடம் பயிலும் மாணவன், பேசாத பெண்ணின் துயரையும் மதிப்பான். அவள் சொல்லாததை அவள் வாயில் இடவும் தயங்குவான். இலக்கியக் கல்விக்கு இவ்விரண்டும் வேண்டும்.