தூள் அடுப்புத் தெரு
(தீவில் வளர்ந்தவர்கள் – 9)

அந்தமானில், போர்ட் பிளேரின் ஷாதிபூரில் நான் வளர்ந்த மேட்டுத் தெருவில், 1970களில், எல்லார் வீட்டிலும் மரத்தூள் அடுப்புதான். மண்ணெண்ணெய் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வரவேண்டும். கப்பல் தாமதமானால் அதுவும் தாமதம். சாத்தம் மர ஆலையின் தூளுக்கு மட்டும் எங்கள் தெருவில் பஞ்சம் வந்ததில்லை. மூட்டை மூட்டையாக வரும். திண்ணையோரம், மழைச்சாரல் படாத இடமாகப் பார்த்து அடுக்கி வைப்பார்கள். பக்கத்து வீட்டில் இன்றைக்கு என்ன குழம்பு என்று தெரிவதற்கு முன்பே எந்த மரத்தின் தூள் எரிகிறது என்று தெரிந்துவிடும். கர்ஜன் தூளின் புகையில் பிசின் நெடி தூக்கும், கண் எரியும். படாக் தூளை மூட்டையிலேயே அடையாளம் கண்டுவிடலாம். செங்கல் பொடி நிறம். மழையில் நனைந்த படாக் மூட்டையிலிருந்து முற்றத்தில் சிவப்பு நீர் ஓடும்.

அந்த அடுப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இன்றைய பிள்ளைகளுக்கு அது தெரியாது. பழைய எண்ணெய் டின் ஒன்று. அதன் அடிப்பக்கத்தில் ஒரு திறப்பு. டின்னின் நடுவில் உருண்டைக் கட்டையைச் செங்குத்தாக நிறுத்தி, திறப்பின் வழியாக இன்னொரு கட்டையைப் படுக்கையாகச் செருகி, இரண்டும் முட்டும்படி வைத்துக்கொள்வோம். பிறகு சுற்றிலும் தூளைக் கொட்டிக் கொட்டி இடிக்க வேண்டும். தளர்வாக இடித்தால் கட்டையை உருவும்போதே சரிந்துவிடும். அளவுக்கு மீறி இறுக்கினால் தீ பிடிக்காது. கட்டைகளை மெல்லத் திருகி வெளியே எடுத்தால் உள்ளே 'ட' வடிவத்தில் காற்று போக வழி கிடைக்கும். அடித்திறப்பில் சிராய் வைத்துக் கொளுத்தினால் போதும். தூள் உள்பக்கத்திலிருந்து கனன்று கனன்று எரியும். ஊத வேண்டாம், விறகு தள்ள வேண்டாம். ஒருமுறை அடைத்த அடுப்பு சோறு, குழம்பு, குளிக்க வெந்நீர் என்று அரை நாள் தாங்கும்.

இடிப்பது பிள்ளைகளின் வேலை. சாயங்காலம் விளையாடிவிட்டு வந்ததும் மறுநாள் அடுப்பை இடித்து வைத்தால்தான் சாப்பாடு. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை கொட்டுகிற ஊர். மே மாதம் தொடங்கினால் ஆண்டின் பெரும்பகுதி ஈரம்தான். ஈரத்தூள் எரியாது, புகையும். ஆகவே அந்த மாதங்களில் அம்மாவின் கவலையெல்லாம் காய்ந்த தூளைக் காப்பாற்றுவதிலேயே போனது. அவளுக்கு இறுதிவரை இருந்த இருமலுக்கும் அந்தப் புகைக்கும் தொடர்பு உண்டு என்றே நான் நம்புகிறேன். தூள் அடுப்பை நினைத்து ஏங்குகிறவர்கள் அதன் முன்னால் உட்கார்ந்து சமைத்தவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

தூளுக்குப் பஞ்சம் வராததற்குக் காரணம் எங்கள் தெருவின் இருப்பிடம். ஒரு பக்கம் ஃபீனிக்ஸ் பே, அங்கே கப்பல் பழுதுபார்க்கும் பட்டறை. மறுபக்கம் ஹாடோ, அங்கே கப்பல்துறை. விம்கோவின் தீக்குச்சி ஆலையும் அங்கேதான். ஹாடோவைத் தாண்டிப் பாலத்தில் நடந்தால் சாத்தம் தீவு, அதில் ஆலை. 1789இல் ஆர்ச்சிபால்ட் பிளேர் முதல் குடியிருப்பை நிறுவியது அந்தச் சின்னஞ்சிறு தீவில்தான். 1858 மார்ச் 10 அன்று டாக்டர் ஜேம்ஸ் பாட்டிசன் வாக்கர் 200 கைதிகளோடு வந்து இறங்கியதும் அங்கேதான். நல்ல தண்ணீர் போதாததால் கைதிக் குடியிருப்பின் தலைமையிடத்தை ராஸ் தீவுக்கு மாற்றினார்கள். 1883இல் வனத்துறை வந்தது. அதே ஆண்டில் சாத்தத்தில் மர ஆலையும் வந்தது. தண்டனை முடிந்தும் முடியாமலும் மணம் செய்துகொண்டு இங்கேயே நிலைத்துவிட்ட கைதிகளின் வழிவந்த குடும்பங்கள் எங்கள் பகுதியில் நிறைய. அவர்களை 'லோக்கல்' என்போம். அவர்களுக்கு மெயின்லேண்டில் சொந்த ஊர் கிடையாது. எங்களுக்கு ராமநாதபுரம் இருந்தது. ராஞ்சிக்காரர்களுக்கு சோட்டாநாக்பூர் இருந்தது. எல்லாரும் தெருவில் இந்தி பேசி, வீட்டுக்குள் போய் அவரவர் பாஷைக்கு மாறிக்கொள்வோம்.

லோக்கல் வீட்டுப் பாட்டி ஒருவர் ஜப்பான்காரன் காலத்துக் கதைகளைச் சொல்லுவார். 1942இல் சாத்தத்தின் மேல் விழுந்த குண்டு தோண்டிய பள்ளம் ஆலைக்குள்ளேயே இருக்கிறது. இப்போது அதைப் பார்வையாளர்களுக்குக் காட்டுகிறார்கள். பாட்டியின் கதைகளில் குண்டு சீக்கிரம் முடிந்துவிடும். பசிதான் நீண்டுகொண்டே போகும்.

அப்பாவுக்கு ஆலையில் மரம் அளக்கும் வேலை. காட்டிலிருந்து வருகிற தடிகளின் நீளத்தையும் சுற்றளவையும் எடுத்து, கனக்கணக்குப் போட்டு, முத்திரை விழுந்திருக்கிறதா என்று பார்த்து ஏட்டில் ஏற்ற வேண்டும். தடிகள் பெரும்பாலும் கடல்வழியாக வரும். மிதக்கிற மரங்களைத் தெப்பமாகப் பிணைத்து இழுவைப் படகு இழுத்து வரும். ஆலையில் சங்கிலி போட்டு மேலே ஏற்றி, பட்டை ரம்பத்தின் முன் கிடத்துவார்கள். முதல் அறுப்பு விழுந்து மரம் இரண்டாகப் பிரிகிற அந்த நொடியில் அளவுக்காரர், ரம்பக்காரர், கூலியாள் என்று எல்லார் கண்ணும் உள்பக்கத்துக்குப் போகும் என்பார் அப்பா. வெளியே வாட்டசாட்டமாக இருக்கிற தடி உள்ளே பொந்தாக இருக்கலாம். கோணல்மாணலாக வந்தது உள்ளே பட்டுப்போல வரி ஓடிக் கிடக்கலாம்.

அவருக்கு மரங்களை முறை சொல்லித்தான் பழக்கம். படாக் நம் ஊர் வேங்கைக்கு உறவு, செஞ்சந்தனத்துக்கும் உறவு. வெள்ளைச் சுக்லம் மருத மரத்துக்குப் பங்காளி. மார்பிள் மரம் கருங்காலிக் குடும்பம். "ராமநாதபுரத்துல நமக்கு யார் சொந்தம்னு தெரியுதோ இல்லையோ, மரத்துக்கு யார் சொந்தம்னு தெரிஞ்சு வச்சுக்கடா" என்பார். தாவரவியல் படித்தவர்கள் சொல்வதும் அதையேதான். அவர் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை.

பிள்ளைகளுக்கும் அந்த அறிவு தானாக ஒட்டிக்கொண்டது. பம்பரம் செதுக்கக் கெட்டி மரம் வேண்டும். மட்டைக்கு இலேசான மரம் போதும். பப்பீட்டா, தூப் போன்ற வெண்மரங்கள் நகத்தால் கீறினாலே தடம் விழுகிற அளவுக்கு மெத்து. அதனால்தான் அவை தீக்குச்சிக்குப் போயின. சென்னையில் இருப்பவர்களுக்கு விம்கோ நகர் என்றால் ஒரு ரயில் நிலையம். எங்களுக்கு விம்கோ என்றால் ஹாடோவில் காயும் குச்சிகளின் வாசம். பெட்டியில் ஐம்பது குச்சி என்று எண்ணி விற்கிற பொருளுக்குப் பின்னால் ஒரு முழு மரத்தைத் தோல் உரிப்பதுபோல் மெல்லிய ஏடாகச் சீவுகிற வேலை இருக்கிறது. எதிர்க்கரையான பாம்பூஃபிளாட்டில், அந்தமான் டிம்பர் இண்டஸ்ட்ரீஸ் ஆலையில், கர்ஜனை அதே முறையில் சீவி ஒட்டுப்பலகை செய்தார்கள். சாத்தம் துறையிலிருந்து படகில் பத்து இருபது நிமிடத்தில் அங்கே போய்விடலாம்.

வீடுகளும் மரம்தான். மரத்தூண், பலகைச் சுவர், தகரக் கூரை. பூமி குலுங்கும்போது வீடு கிறீச்சிட்டு ஆடி நின்றுவிடும். கப்பல் வருகிற நாளில் மெயின்லேண்டுப் பத்திரிகைகளும் வெங்காயமும் கடிதங்களும் ஒன்றாக வரும். மூன்று நாள் கடல் கடந்து வந்த அந்தப் பத்திரிகைகளில்தான் நான் இந்த மாதிரித் தொடர்களை வாசிக்கக் கற்றுக்கொண்டேன்.

இத்தனை மரமும் எங்கிருந்து வந்தது என்று நாங்கள் கேட்டதில்லை. 'காட்டிலிருந்து' என்பதே போதுமான பதிலாக இருந்தது. காட்டுக்குப் போய் வந்தவர்கள் இரண்டு வகையினர். 1918 முதல் சோட்டாநாக்பூரிலிருந்து அழைத்து வரப்பட்ட ராஞ்சிக்காரர்கள் ஒரு வகை. 1925இல் பர்மாவிலிருந்து வந்து மாயாபந்தர் பக்கம் குடியேறிய கரேன் மக்கள் இன்னொரு வகை. அவர்களோடு யானைகள். மெயின்லேண்டிலிருந்து கப்பலில் கொண்டு வரப்பட்ட யானைகள், தீவுக்குத் தீவு கடலில் நீந்தவும் பழகின. ஹேவ்லாக்கில் நீந்திக்கொண்டிருந்த ராஜன் என்ற யானை 2016இல் தன் 66ஆவது வயதில் இறந்தது. 1962இல் ஒரு தனியார் மர நிறுவனம் நொடித்துப்போனபோது அதன் யானைகளை இன்டர்வியூ தீவில் அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். அவற்றின் வாரிசுகள் அங்கே காட்டு யானைகளாகிவிட்டன.

எங்கள் தெருவில் இருந்த ராஞ்சிக்கார மாமா மழை ஓய்ந்ததும் காட்டு முகாமுக்குப் போய்விடுவார். அவர் திரும்பி வரும்வரை அவர் மனைவி நிம்மதியாக உறங்கியதில்லை. காரணம், அந்தக் காட்டில் வாழும் பழங்குடிகளான ஜாரவாக்களின் அம்பு. ஜாரவாக்கள் வெளியாட்களோடு பகையின்றிப் பழகத் தொடங்கியது 1990களின் இறுதியில்தான். அதுவரை முகாம்களில் தொழிலாளிகள் அம்புபட்டுச் செத்திருக்கிறார்கள். துப்பாக்கிக்கு ஜாரவாக்களும் செத்திருக்கிறார்கள். சிறுவயதில் எங்களுக்கு ஜாரவா என்றால் பயம் மட்டும்தான். அம்பு எய்தவர்கள் தங்கள் வீட்டு வாசலில் மரம் வெட்டுகிறவர்களை விரட்டினார்கள் என்று எந்தப் பெரியவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அந்த மாமா மட்டும் ஒருமுறை, "அவங்க காடு, பேட்டா. நாமதான் போறோம்" என்று இந்தியில் சொன்னார். அவ்வளவு நெருக்கத்தில் அபாயத்தைக் கண்ட ஒருவரின் வாயிலிருந்து வந்த சொல் அது.

எங்கள் காட்டின் கதையை மாற்றிய வழக்கு தொடங்கியது மெயின்லேண்டில். நீலகிரி கூடலூரில் நடந்த மரவெட்டை எதிர்த்து நிலம்பூரைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் உச்ச நீதிமன்றம் போனார். அந்த வழக்கில் 1996 டிசம்பர் 12 அன்று வந்த உத்தரவு நாடெங்கும் காடுவெட்டுக்குக் கடிவாளம் போட்டது. அதே வழக்கின் கிளையாக அந்தமானுக்கு சேகர் சிங் ஆணையம் வந்தது. அதன் பரிந்துரைகளையொட்டி 2002 மே 7 அன்று வந்த உத்தரவு, பழங்குடிக் காப்புக்காடுகளில் மரவெட்டை நிறுத்தியது. தீவின் மரத்தை மெயின்லேண்டுக்கு அனுப்புவதும் நின்றது. கடற்கரை மணல் அள்ளுவதும் கட்டுக்குள் வந்தது. ஒட்டுப்பலகை ஆலைகள் மூடின. சாத்தம் அரசு ஆலையாக, அளவு சுருங்கி, உள்ளூர்த் தேவைக்கு அறுத்துக்கொண்டிருக்கிறது.

அந்தத் தீர்ப்பு சரி. நூறு வருடத்துக்கு மேல் நின்ற படாக்கை அறுத்து, அதன் தூளில் சமைத்து வளர்ந்தவனாகவே இதைச் சொல்கிறேன். இன்னும் இருபது வருடம் அதே வேகத்தில் அறுத்திருந்தால் ஜாரவாக்களுக்குக் காடும் இருந்திருக்காது, எங்களுக்கு மரமும் இருந்திருக்காது. ஆனால் அந்த ஆலைகளில் கைதேர்ந்த ஆட்கள் இருந்தார்கள். ஒட்டுப்பலகைக்கு ஏடு சீவத் தெரிந்தவர், ரம்பப் பல்லைக் காதாலேயே கேட்டுத் தீட்டத் தெரிந்தவர், தெப்பம் கட்டத் தெரிந்தவர். ஐம்பது வயதில் அவர்களில் சிலர் ஆட்டோ ஓட்டினார்கள், சிலர் சுற்றுலா விடுதிகளில் காவலுக்கு நின்றார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் குடும்பத்தோடு மெயின்லேண்டுக்குப் போனார். அங்கே அவருக்குத் தெரிந்த வேலை எதுவும் இல்லை. காட்டைக் காப்பாற்றிய கதையை எழுதுகிறவர்கள் இவர்களை ஒரு வரியில் கடந்துபோகிறார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை.

2024 செப்டம்பரில் போர்ட் பிளேரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. எங்கள் தெருவில் பலகை வீடுகள் ஒவ்வொன்றாகக் கான்கிரீட்டுக்கு மாறுகின்றன. சாத்தம் ஆலையில் வன அருங்காட்சியகம் இருக்கிறது. படாக்கும் சுக்லமும் மார்பிள் மரமும் வழவழவென்று இழைத்து வைத்திருக்கிறார்கள். சுற்றுலா வருகிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய இடம். அங்கே மரத்தின் பெயர் இருக்கிறது, அதன் குணம் இருக்கிறது. அதைத் தெப்பம் கட்டிக் கொண்டுவந்தவர் சொன்ன வார்த்தைகளும் அங்கே இடம்பெற வேண்டும்.

இதை வாசிக்கிறவர்களில் யார் வீட்டிலாவது அந்தமான் மர ஆலைகளிலோ, காட்டு முகாம்களிலோ, ஹாடோ தீக்குச்சி ஆலையிலோ வேலை பார்த்தவர் இருக்கக்கூடும். அவரை உட்கார வைத்துப் பேசச் சொல்லுங்கள். எந்த மரத்தை எப்படி அறுத்தார், முகாமில் என்ன சாப்பிட்டார், யாரோடு எந்த பாஷையில் பேசினார் என்று கேளுங்கள். கைபேசியில் பதிவு செய்தாலும் போதும். அவர்களில் பலருக்கு இப்போது எழுபதை ஒட்டிய வயது. காலம் அதிகமில்லை.

வரும் வாரம்: ஃபீனிக்ஸ் பே பட்டறையும் கப்பல் கட்டியவர்களும்.