எங்களோடு சேராதவள்

சென்ற தவக்காலத்தின் தொடக்கத்தில், ஒரு சனிக்கிழமை மாலை, தாயொருவர் தமது மகளை அழைத்துக்கொண்டு பங்குமனைக்கு வந்தார். பிள்ளை ஏழாம் தரத்தில் கற்கிறாள். இரண்டு வாரமாகப் பாடசாலைக்குச் செல்ல மறுக்கிறாள். காலையில் வயிற்றுநோ, பாடசாலை வான் போனபின் நோவும் போய்விடும். "ஆருக்குப் பயப்பிடுறாள் எண்டு தெரியேல்லை, சுவாமி" என்றார் தாய். கணித ஆசிரியருக்கு என்றே நானும் எண்ணினேன்.

விடயம் வேறு. ஆறாம் தரத்திலிருந்து அவளோடு கூடித்திரிந்த நான்கு மாணவிகள், "இனி எங்களோட சேராத" என்று ஒருநாள் சொல்லிவிட்டனர். காரணம் சொல்லவில்லை. அன்றுமுதல் இடைவேளையில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்க அவளுக்கு இடமில்லை. மணி அடிக்கும்வரை தண்ணீர்க் குழாயடியில் கைகழுவிக்கொண்டே நிற்பாளாம்.

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையின்பின் பல பிள்ளைகள் பழகிய பாடசாலையை விட்டுப் பெரிய பாடசாலைகளுக்கு மாறுகின்றனர். அறிமுகமற்ற முகங்களின் நடுவே நான்கைந்து பேராய்க் கூடுவது இயல்பே, அது குற்றமன்று. ஆனால் ஒருத்தியை வெளியே நிறுத்தினால்தான் உள்ளே இருப்போருக்கு நெருக்கம் தோன்றும் என்ற நிலை வரும்போது, உள்ளே இருப்பவளும் நிம்மதியாய் இருப்பதில்லை. அடுத்த முறை தனது முறையோ என்ற அச்சம் அவளுக்கு. நம் பிள்ளையும் மெல்லிய குரலில் ஒன்றை ஒப்புக்கொண்டாள்: கடந்த ஆண்டு இன்னொருத்தி விலக்கப்பட்டபோது, இவளும் பேசாதிருந்தவர்களுள் ஒருத்தி.

1954ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில் முசாபர் ஷெரீப் என்னும் உளவியலாளர், ஏறக்குறைய 11 வயதுடைய 22 சிறுவர்களை இரு குழுக்களாக்கிக் கோடைமுகாம் ஒன்றில் தங்கவைத்தார். ஒரு குழு கழுகுகள் என்றும், மற்றையது பாம்புகள் என்றும் பெயர் சூட்டிக்கொண்டன. போட்டிகள் தொடங்கியதும் வசையும் கொடியெரிப்பும் தொடர்ந்தன. ஒன்றாக உணவருந்தச் செய்தபோது உணவையே வீசியெறிந்தனர். தண்ணீர் தடைப்பட்டு, உணவு ஏற்றவேண்டிய லொறியும் நின்றபோதுதான் மாற்றம் வந்தது. கயிறிழுத்தல் போட்டிக்குப் பயன்பட்ட அதே கயிற்றைக் கட்டி, இரு குழுவினரும் சேர்ந்து லொறியை இழுத்தனர். கைகுலுக்கச் சொல்லிப் பிள்ளைகளைச் சேர்த்துவிடலாம் என எண்ணும் நம்மைப் போன்றோர் இதைக் கவனிக்கவேண்டும்.

திருத்தூதர்களும் இதற்கு விலக்கல்லர். இயேசுவின் பெயரால் பேய் ஓட்டிய ஒருவரை, அவர் நம்மைச் சாராதவர் என்பதற்காகவே தடுக்கப் பார்த்ததாக யோவான் பெருமையோடு அறிவிக்கிறார் (மாற்கு 9:38). தடுக்கவேண்டாம் என்பதே ஆண்டவரின் பதில்.

நம் வீட்டு முற்றத்திலும் கோயில் வாசலிலும் "அவையள் எங்கட ஆக்கள் இல்லை" என்று பெரியோர் கதைப்பதைப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டுதான் நிற்கின்றனர். வகுப்பறையில் அவர்கள் பேசும் மொழி எங்கே கற்றது?

எனது தவற்றையும் சொல்லவேண்டும். மறைக்கல்வி வகுப்பில் "நீங்களே குழுவாய்ப் பிரியுங்கள்" என்பது என் வழக்கம். எனக்கு அது இலகு. கடைசியில் எவரும் சேர்க்காமல் நின்ற பிள்ளையை, "இவளையும் சேருங்கோ" என்று ஏதோ ஒரு குழுவில் தள்ளிவிடுவேன். அத்தனை பேர் முன்னிலையில் அது அவளுக்கு எப்படியிருந்திருக்கும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

அடுத்த நாளே தாய் வகுப்பாசிரியையைச் சந்திக்க ஒப்புக்கொண்டார். நான் தவக்காலச் சிலுவைப்பாதைக் காட்சிக்குச் சீட்டுக் குலுக்கிப் பிள்ளைகளைப் பிரித்தேன். அந்த நால்வருள் ஒருத்தி நம் பங்கைச் சேர்ந்தவள். இருவருக்கும் ஒரே நிலை விழுந்தது. முதல் இரு ஒத்திகைகளிலும் ஒருவரையொருவர் பார்க்கவேயில்லை. மூன்றாம் நாள் மரச்சிலுவையைக் கயிறுகட்டித் தூக்கிநிறுத்த வேண்டியிருந்தது. பீடத்தின் பின்னால் நின்ற எனக்கு, "மற்றப் பக்கத்தை இறுக்கிப் பிடியடி" என்ற குரல் கேட்டது.

"பிடிச்சிட்டன்" என்றாள் மற்றவள்.