ஆறு மணிக்குள் சரக்கு வரணும்: வேக அபராதம் யார் தலையில்?

திருப்பூரில் சரக்கு வண்டி ஓட்டுகிற உங்களுக்கு இந்தத் தொழில் எப்படி நகர்கிறது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நூல் நிட்டிங்குக்குப் போகிறது. அங்கிருந்து துணி சாயப்பட்டறைக்கு, பிறகு காம்பாக்டிங், கட்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி, தையல், செக்கிங், பேக்கிங். இத்தனையும் ஒரே கூரைக்குக் கீழ் நடக்கும் கம்பெனிகள் குறைவு. ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் நடுவில் ஒரு குட்டி யானையோ, தோஸ்த்தோ, பின்னால் பண்டல் கட்டிய எக்ஸ்.எல். வண்டியோ ஓடிக்கொண்டே இருக்கிறது.

எங்கே தாமதம் ஆனாலும் அதை ஈடுகட்டும் பொறுப்பு கடைசியில் வண்டிக்காரரிடம் வந்து சேர்கிறது. சாயம் சரியாக ஏறாமல் மறுபடியும் போட்டதில் போன நேரத்தை, மங்கலம் ரோட்டிலோ பல்லடம் ரோட்டிலோ நீங்கள் மீட்டுக் கொடுக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். அப்படி ஓட்டியதன் பலனாக இ-சலான் (மின்னணு அபராதச் சீட்டு) வந்தால் என்ன செய்வது, யார் கட்டுவது, எதைச் சரிபார்ப்பது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வேகமாக ஓட்டினால் அபராதம் எவ்வளவு? மோட்டார் வாகனச் சட்டத்தின் 183ஆம் பிரிவு 2019இல் திருத்தப்பட்டது. இலகுரக வாகனம் என்றால் குறைந்தது 1,000 ரூபாய், அதிகபட்சம் 2,000 ரூபாய். நடுத்தர, கனரக வண்டிகளுக்கு 2,000 முதல் 4,000 வரை. தமிழ்நாட்டில் புதிய அபராதத் தொகைகள் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன. மொத்த எடை (வண்டியும் ஏற்றக்கூடிய சரக்கும் சேர்ந்து) 7,500 கிலோவுக்குள் இருந்தால் அது இலகுரக வாகனம். டாடா ஏஸ், தோஸ்த் எல்லாம் இதில் அடங்கும்.

இதே 7,500 கிலோ கணக்கு இன்னொரு சந்தேகத்தையும் தீர்க்கிறது. இலகுரக லைசென்ஸ் மட்டும் வைத்துக்கொண்டு சரக்கு வண்டி ஓட்டலாமா, தனியாக ஒப்புதல் வாங்க வேண்டுமா என்று பலர் கேட்பதுண்டு. 2024 நவம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, 7,500 கிலோவுக்குள் உள்ள சரக்கு வண்டியை அந்த லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று தீர்ப்பளித்துவிட்டது.

ஆயிரம் ரூபாயோடு முடிந்துவிடுமா? இங்கேதான் பலர் ஏமாந்துவிடுகிறார்கள். இரண்டாவது முறை பிடிபட்டால் லைசென்ஸையே எடுத்துக்கொள்ளச் சட்டம் சொல்கிறது. எடுக்கிற அதிகாரி, லைசென்ஸை முடக்குவதற்காக அதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு அனுப்புவார். உங்களுக்கு ஒரு தற்காலிக ரசீது தருவார். அந்த ரசீதைக் காட்டி வண்டி ஓட்டலாம் என்று நினைத்துவிடாதீர்கள். 206ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது: லைசென்ஸ் திரும்பக் கைக்கு வரும் வரை ஓட்டக் கூடாது.

எத்தனை நாள் முடக்குவார்கள்? உச்ச நீதிமன்றம் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழு 2015இல் மாநிலங்களுக்கு ஓர் உத்தரவு அனுப்பியது. அதிவேகம், சிவப்பு விளக்கைத் தாண்டுவது, அதிக பாரம், சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது, குடித்துவிட்டு ஓட்டுவது, போன் பேசிக்கொண்டு ஓட்டுவது ஆகியவற்றுக்குக் குறைந்தது மூன்று மாதம் லைசென்ஸை நிறுத்திவைக்க வேண்டும் என்பது அந்த உத்தரவு. சனிக்கிழமைச் சம்பளத்தை நம்பி வீட்டு வாடகையும் பிள்ளைகளின் ஃபீஸும் கட்டுகிற ஒருவருக்கு உண்மையான தண்டனை இந்த மூன்று மாதம்தான்.

அந்த நாட்களில் 'ஒரு நடைதானே' என்று எடுத்துவிட்டு விபத்து நேர்ந்தால், லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டினார் என்று காப்பீட்டு நிறுவனம் வாதாடும். அடிபட்டவருக்குக் கொடுத்த பணத்தை வண்டி உரிமையாளரிடம் திரும்ப வசூலிக்க அது முயலும். வேலைக்கு வரச் சொல்லி வற்புறுத்துகிற முதலாளிக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள். இது அவருடைய பணமும்தான்.

வேகத்தை எப்படி நிரூபிப்பார்கள்? 'வேகமாக வந்த மாதிரி இருந்தது' என்று ஒருவர் சொல்வதை மட்டும் வைத்து வேகக் குற்றத்தில் தண்டிக்க முடியாது. ஒரு சாட்சியின் கணிப்பு மட்டும்தான் இருக்கிறது என்றால், அந்தக் கணிப்பு ஏதாவது ஒரு கருவியின் அளவை வைத்து வந்திருக்க வேண்டும் என்று 183ஆம் பிரிவே சொல்கிறது. ஸ்பீடு கன் (வண்டியின் மேல் அலையைப் பாய்ச்சி வேகம் அளக்கும் கைக்கருவி), வேகக் கேமரா எல்லாம் அப்படிப்பட்ட கருவிகள். கடையில் தராசுக்கு முத்திரை குத்துவது போல, வேகம் அளக்கும் ரேடார் கருவிக்கும் சரிபார்ப்பும் முத்திரையும் வேண்டும் என்ற எடையளவு விதி 2025 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது.

ஆனால் கருவி இல்லை என்றால் ஒன்றும் செய்ய முடியாது என்று தைரியமாக இருந்துவிடாதீர்கள். ஆபத்தாக ஓட்டியதற்கு 184ஆம் பிரிவு தனியாக இருக்கிறது. அதில் முதல் முறைக்கே 1,000 முதல் 5,000 வரை அபராதம், சிறையும் உண்டு. எந்தப் பிரிவில் போட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் சலான் கையில் வந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை.

கேமரா பிடித்த சலானில் என்னென்ன இருக்க வேண்டும்? 2021 ஆகஸ்டில் வந்த 167ஏ விதிப்படி, குற்றமும் நம்பர் பிளேட்டும் தெளிவாகத் தெரியும் படம், கருவி காட்டிய அளவு, தேதி, நேரம், இடம், எந்தச் சட்டப்பிரிவு என்ற விவரம் எல்லாம் இருக்க வேண்டும். கேமரா இருக்கும் இடத்துக்கு முன்னால் எச்சரிக்கைப் பலகையும் வேண்டும். நடந்ததிலிருந்து 15 நாளுக்குள் அறிவிப்பு அனுப்பப்பட வேண்டும் என்றும் அந்த 2021 விதி சொன்னது.

படத்தை நிதானமாகப் பெரிதாக்கிப் பாருங்கள். நம்பரில் ஓர் எழுத்து மாறி, வேறொருவர் வண்டிக்கு உரியது உங்களுக்கு வந்திருக்கலாம். அப்படி என்றால் இ-சலான் இணையதளத்திலேயே புகார் பதியும் இடம் இருக்கிறது. அந்த நேரத்தில் உங்கள் வண்டி எங்கே நின்றது என்பதற்கு டி.சி.யில் (சரக்கோடு போகும் டெலிவரி சீட்டு) போட்ட நேரம் நல்ல சான்று. சலானில் குறித்திருக்கும் கெடுவைத் தவறவிடாதீர்கள். சும்மா விட்டால் அது வண்டியின் பெயரில் நிலுவையாக நிற்கும். எஃப்.சி.க்கோ பெயர் மாற்றத்துக்கோ போகும் நாளில் அது உங்களை நிறுத்தும்.

ரோட்டில் போலீஸ்காரர் கை காட்டி நிறுத்தினால்? நிற்காமல் போவது தனிக் குற்றம். 179ஆம் பிரிவில் அதற்கு 2,000 ரூபாய் வரை அபராதம். வண்டியை ஓரம் கட்டி, இன்ஜினை அணைத்துவிட்டு இறங்குங்கள். டிஜிலாக்கர், எம்பரிவாகன் செயலிகளில் இருக்கும் லைசென்ஸும் ஆர்.சி.யும் அசலுக்குச் சமம் என்று 2018 நவம்பரிலேயே விதி மாறிவிட்டது. 'சார், மெசின்ல எவ்வளவு காட்டுதுங்க? எந்தப் பிரிவுங்க?' என்று கேட்பதில் தவறு ஒன்றுமில்லை. பணிவாகக் கேட்டால் பெரும்பாலும் காட்டுவார்கள். பணம் கட்டினால் ரசீது கேட்டு வாங்குங்கள். ரசீது இல்லாமல் கொடுத்த பணம் எந்தக் கணக்கிலும் ஏறாது, சலானும் அப்படியே நிற்கும். நாள் முழுக்க வெயிலிலும் புகையிலும் நிற்கிறவர் அவர். உங்களைப் போலவே அவருக்கும் மேலிருந்து நெருக்கடி உண்டு.

இப்போது பெரிய கேள்விக்கு வருவோம். அபராதம் யாருடையது? சலான் வண்டி உரிமையாளரின் போனுக்குப் போகிறது. ஓட்டியது யார் என்று போலீஸ் கேட்டால் சொல்ல வேண்டியது 133ஆம் பிரிவின்படி அவர் கடமை. அவர் உங்கள் பெயரைச் சொல்கிறார், அல்லது கேட்காமலே சம்பளத்தில் பிடித்துவிடுகிறார். வழக்கம் அப்படித்தான் ஆகிவிட்டது. சட்டம் அவ்வளவோடு நிற்கவில்லை.

183ஆம் பிரிவின் தொடக்கத்தைப் பாருங்கள். வேக வரம்பை மீறி ஓட்டுகிறவர் மட்டுமல்ல, தன்னிடம் வேலை செய்பவரை அப்படி ஓட்ட வைப்பவரும் தண்டனைக்கு உரியவர் என்கிறது. அதே பிரிவின் நான்காம் உட்பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. இந்தப் பயணத்தை இவ்வளவு நேரத்துக்குள் முடி என்று ஒருவர் உத்தரவு போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேக வரம்பை மீறாமல் அந்த நேரத்துக்குள் முடிக்க முடியாது என்று நீதிமன்றம் கருதினால், உத்தரவு போட்டவர் குற்றம் செய்ததற்கு அந்த உத்தரவே முதல்நோக்குச் சான்று (மறுத்து நிரூபிக்கும் வரை செல்லும் ஆதாரம்) ஆகிவிடும்.

அப்படியானால் நான் தப்பித்துவிடலாமா என்று கேட்பீர்கள். முடியாது. ஸ்டியரிங் உங்கள் கையில் இருந்ததால் உங்கள் பொறுப்பு அப்படியே இருக்கிறது. அதோடு நேரம் குறித்தவரின் பொறுப்பும் சேர்கிறது. அதே முதலாளியிடம் வேலை செய்துகொண்டே அவர் மேல் வழக்குப் போடுவது எளிதில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் இந்த உட்பிரிவு தெரிந்த ஓட்டுநருக்கும் தெரியாதவருக்கும் பேச்சில் வித்தியாசம் இருக்கும். 'அண்ணா, அஞ்சே முக்காலுக்கு லோடு ஏத்திட்டு ஆறு மணிக்குப் பல்லடம் வரணும்னா எப்படிங்க? சலான் வந்தா ரெண்டு பேருக்குமே சிக்கலுங்க' என்று வண்டி எடுப்பதற்கு முன்பே சொல்லலாம்.

அதற்கான சான்றுகள் உங்கள் போனிலேயே இருக்கின்றன. 'ஆறு மணிக்குள் வரணும்' என்ற வாட்ஸ்அப் செய்தியை அழிக்காதீர்கள். குரல் செய்தியையும் வைத்திருங்கள். டி.சி.யில் கேட்டுக்குள் போன நேரம், வெளியே வந்த நேரம் இரண்டையும் செக்யூரிட்டியிடமோ ஸ்டோர்ஸிலோ எழுதச் சொல்லுங்கள். நேரம் எங்கே போனது என்று காட்டுவது அந்த இரண்டு குறிப்புகள்தான்.

ஏனென்றால் நேரம் ரோட்டில் போவதில்லை. பல்லடத்திலிருந்து திருப்பூர் சுமார் 15 கிலோமீட்டர். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் இருபத்திரண்டரை நிமிடம். 60இல் போனால் 15 நிமிடம். மிச்சம் ஏழரை நிமிடம். அதுவும் ரோடு காலியாக இருந்தால்தான். அருள்புரம், வீரபாண்டி பிரிவு, தென்னம்பாளையம் என்று நெரிசலைத் தாண்டி வருபவருக்கு அதில் பாதிகூட மிஞ்சாது. லோடு இறக்க ஆள் இல்லாமல் கேட்டில் காத்திருப்பது இதைவிட எத்தனையோ மடங்கு. ஆனால் வேகம் 40இலிருந்து 60 ஆகும்போது பிரேக் பிடித்து நிற்கத் தேவைப்படும் தூரம் இரண்டேகால் மடங்காகிவிடுகிறது. ஒன்றரை ஷிப்ட் முடிந்து ஆட்கள் ரோட்டைக் கடக்கும் இரவு எட்டரை மணிக்கு அந்தத் தூரம் யாருக்கும் கிடைக்காது.

கம்பெனி நடத்துபவர் இதைப் படித்தால் அவரிடம் ஒரு வேண்டுகோள். ஷிப்மென்ட் கெடு வெளிநாட்டு பையரிடமிருந்து வருகிறது, நீங்களும் நெருக்கடியில்தான் இருக்கிறீர்கள். ஆனால் கேட்டில் இறக்க ஓர் ஆளைத் தயாராக வைப்பதில் மிச்சமாகும் நேரத்தை எந்த ஓட்டுநராலும் ரோட்டில் சம்பாதித்துத் தர முடியாது.

சாப்பாடு, மளிகை கொண்டுபோகும் தம்பிகளுக்கும் இதே கதைதான். கிக் தொழிலாளர்கள் (செயலி வழியே நடைக்கு நடை கூலி பெறுவோர்) நாடு முழுவதும் வேலைநிறுத்தம் செய்த பிறகு, 2026 ஜனவரியில் ஒன்றியத் தொழிலாளர் அமைச்சர் நிறுவனங்களிடம் பேசினார். மளிகை டெலிவரி நிறுவனமான பிளிங்கிட் தன் '10 நிமிட' டெலிவரி விளம்பரத்தை விலக்கிக்கொண்டது. தமிழ்நாட்டில் இவர்களுக்கென்று 2023இலேயே தனி நலவாரியம் அமைக்கப்பட்டிருக்கிறது. அதில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

பழைய வண்டி வாங்கியவரா நீங்கள்? ஆர்.சி.யில் பெயர் மாற்றினீர்களா? விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும். மாற்றாவிட்டால் உங்கள் சலான் பழைய உரிமையாளருக்குப் போகும். உங்களுக்குத் தெரியவரும்போது கெடு முடிந்திருக்கும்.

இன்னொரு எச்சரிக்கை. 'உங்கள் வண்டிக்கு சலான்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு ஏ.பி.கே. கோப்பு (போனில் செயலியை நிறுவும் கோப்பு) வந்தால் தொடாதீர்கள். அது வங்கிப் பணத்தைத் திருடும் வழி. உண்மையான இ-சலான் தளத்தின் முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்றுதான் முடியும். வண்டி எண்ணை அங்கே நீங்களே போட்டுப் பாருங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930க்கு அழையுங்கள்.

சலானை மறுக்க நினைக்கிறீர்கள், வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நாடலாம். வருமானம் குறைந்தவர்கள், பெண்கள், பட்டியலினத்தவர், ஆலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு அங்கே இலவச உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். போகும்போது சலானின் அச்சுப்படி, அன்றைய டி.சி., நேரம் குறித்து வந்த வாட்ஸ்அப் செய்தியின் அச்சுப்படி, லைசென்ஸ், ஆர்.சி. நகல் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள்.